தாலியாகிப்போன குதிரைக் காசு

1. இதை எழுதுபவன் உன் தகப்பன். வயது அறுபத்தெட்டு. லண்டனில் மிச்சம் என்ற பகுதியில், நீ வளர்ந்த அதே வீட்டில் வசிக்கிறேன். நாட்டைவிட்டு வருமுன், ஊரில் பதினான்கு வருடம் சட்டத்தரணியாகவும், பத்திரங்களை அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசாகவும் இருந்தேன். இங்கு வந்தபின், ஓய்வுபெறும் நாள்வரை, நோர்பரியில் ஒரு சட்ட அலுவலகத்தில் வீடு வாங்குவோருக்கும் விற்போருக்கும் பத்திரங்கள் தயாரித்தேன்.

2. கீழே நானே கண்டதையும் செய்ததையும் கண்டேன், செய்தேன் என்றே எழுதியிருக்கிறேன். பிறர் சொல்லித் தெரிந்ததை அவர் பெயரோடு எழுதியிருக்கிறேன்.

3. எவருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதுகிறேன் என்று இந்த இடத்தில் சேர்ப்பது வழக்கம். என்னால் அதைச் சேர்க்க முடியவில்லை. நீ வருகிற ஞாயிற்றுக்கிழமை அபர்டீனிலிருந்து திரும்புகிறாய். அதற்குள் நானே உனக்குச் சொல்லிவிட வேண்டும் என்று உன் மனைவி மதுரா எனக்குத் தவணை வைத்திருக்கிறாள்.

அன்புள்ள தம்பி,

நீ கடல் நடுவில் காற்றாலைக் கோபுரத்தில் வேலை செய்துகொண்டிருக்கும்போது தொலைபேசியில் சொல்லக்கூடிய விஷயம் அல்ல இது. அதனால் எழுதுகிறேன். இதை நீ மட்டும் வாசிக்க வேண்டும் என்பதும் இல்லை; யார் கேட்டாலும் காட்டலாம். சுருக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் மனைவியின் கழுத்தில் இருக்கும் தாலி, நான் ஒரு வயலில் கண்டெடுத்த பழங்காலப் பொற்காசை உருக்கிச் செய்தது. அதைப் பற்றி ஓர் அரசாங்க அதிகாரி என்னிடம் கேட்டார். நான் பொய் சொன்னேன். நாளை போய் அந்தப் பொய்யைத் திருத்தப்போகிறேன். அதன் விளைவாக அந்தத் தாலியை அரசு கேட்குமா, கேட்காதா என்று எனக்குத் தெரியாது.

நான் ஓய்வுபெற்ற மாதம் நீ ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கித் தந்தாய். "அப்பா, வீட்டுக்குள்ளை இருந்து அம்மாவோடை வழக்காடாமல் வெளியிலை போங்கோ" என்றாய். பூப்பந்து மட்டை கொண்டுபோகும் பைக்குள் அதை வைத்துக்கொண்டு ட்ராமில் குரோய்டன் போய், அங்கே வேறு ட்ராம் ஏறி, பாதை முடியும் இடத்தில் இறங்கி, அரை மணி நேரம் நடந்தால் கிரஹாமின் பண்ணை. லண்டன் எல்லைக்குள் கோதுமை விளைகிறது என்பதே எனக்கு அதுவரை தெரியாது. கிரஹாமிடம் நான் கேட்டது அனுமதி; நான் நீட்டியது ஏழு பக்க ஒப்பந்தம். "நீ இந்த நிலத்தில் நடக்கப்போகிறாயா, இல்லை விலைக்கு வாங்கப்போகிறாயா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு, டிராக்டர் சக்கரத்தின் மேல் தாளை வைத்துக் கையெழுத்திட்டான். அதன் ஒன்பதாவது பிரிவு நானே யோசித்துச் சேர்த்தது: முந்நூறு வருடத்துக்கு மேல் பழையதாகத் தோன்றும் எந்தப் பொருளையும், சட்டம் கேட்டாலும் கேட்காவிட்டாலும், தொல்பொருள் பதிவு அதிகாரியிடம் காட்டிய பிறகே யாரும் வைத்துக்கொள்ளலாம். அந்தப் பிரிவைப் பற்றி எனக்குப் பெருமை இருந்தது.

அறுவடைக்குப் பிறகு கிரஹாம் ஒரு டிடெக்டர் கிளப்காரர்களையும் வயலுக்குள் விடுவான். அவர்களில் டெர்ரி என்றொருவன், ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர். நான் மண்ணை வெட்டும் விதத்தைப் பார்த்து, "வக்கீல் தோண்டினால் குழிகூடச் சதுரமாக இருக்கும்" என்பான். அதிகாரிகளை அவர்கள் யாருக்கும் பிடிக்காது. காட்டினால் பொருள் மாதக்கணக்கில் திரும்பி வராது, காட்டாவிட்டால் திருடன் என்று பேர் வரும் என்று ஆளுக்கு ஆள் முறையிடுவார்கள். அதிகாரிகளுக்கும் அவர்கள்மேல் நம்பிக்கை இல்லை. கிரஹாமுக்கோ இரு தரப்பிலும் பயம்: ஒரு தரப்பு கேட்வாசலைத் திறந்துவைத்துவிட்டுப் போய்விடும், மற்றத் தரப்பு வந்தால் விதைக்கும் காலத்தில் கயிறு கட்டி வயலை மறித்துவிடும். இவர்களுக்கு நடுவில், ஏழு பக்கத் தாளோடு, நான் ஒருவனே ஒழுங்கானவன் என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

போன வருடம் புரட்டாதியில், கிழக்கு வேலியிலிருந்து நாற்பத்தொரு அடி தள்ளி, அந்தக் காசு கிடைத்தது. விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு பக்கம் வெறுமையாக இருந்தது. மறுபக்கம் ஒரு குதிரை, கால்கள் உடம்போடு ஒட்டாமல் தனித்தனியாகப் பறப்பதுபோல. ரோமர் இந்த நாட்டுக்கு வருமுன் அடித்த காசு என்று பிறகு புத்தகத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அடிமட்டத்தைப் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்தேன். இடத்தை என் குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன். சட்டம் எனக்குத் தெரிந்திருந்தது: தனியாகக் கிடைக்கும் ஒற்றைக் காசு, எவ்வளவு பழையதானாலும், பொதுவாகப் புதையல் ஆகாது, அது நிலச் சொந்தக்காரருடையது. நேரே கிரஹாமிடம் கொண்டுபோனேன். அவன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். "உன் மகனுக்குக் கல்யாணம் என்றாயே. என் பரிசு என்று வைத்துக்கொள். அந்தம்மாவிடம் மட்டும் ஒருமுறை காட்டிவிடு" என்றான். காட்டுகிறேன் என்றேன். அந்தம்மா என்றால் பதிவு அதிகாரி ஹெலன்.

காட்டவில்லை. ஹெலன் மாதத்தில் ஒரு நாள் நூலகத்துக்கு வந்து ஆட்கள் கொண்டுவரும் பொருட்களைப் பார்ப்பார். அவர் அடுத்து வரும் நாள், தாலிக்குப் பொன் உருக்கும் உன் பொன்னுருக்குச் சடங்குக்கு மூன்று நாள் பின்னால் விழுந்தது. ஐயர் குறித்துத் தந்த முகூர்த்தத்தை மாற்ற முடியாது. காட்டினால் காசு திரும்பி வர மாதங்களாகும். இவை நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணங்கள். எல்லாம் உண்மை, ஒன்றும் காரணம் அல்ல. உண்மையான காரணத்தை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. நீ ஆறு வயதில் குரோய்டனில், அகதி மனுக்களை விசாரிக்கும் அந்தப் பெரிய அரசாங்கக் கட்டடத்தில் என் மடியில் இருந்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. "ஆரும் ஏதும் கேட்டால் ஒண்டும் சொல்லாதை" என்று உன் காதுக்குள் சொன்னேன். அன்று நான் கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. அப்படியிருந்தும் அவர்கள் நம்பவில்லை. இங்கே இருக்கலாம் என்ற கடிதம் வரப் பல வருடம் ஆனது. கடிதம் வந்த பிறகும், கதவு தட்டும் சத்தம் கேட்டால் எனக்குள் ஏதோ எழுந்து நிற்கும். அப்படிப்பட்டவனின் கையில் இந்த நாட்டு மண் தானாக ஒரு பொற்காசைத் தந்தது. இதை என் மகன் கட்டும் தாலியில் வைத்துவிட்டால், பிறகு எங்களை இந்த மண்ணுக்கு உரியவர்கள் அல்ல என்று யார் சொல்ல முடியும் என்று நினைத்தேன். சட்டம் படித்தவன் நினைக்கக்கூடாத நினைப்பு. தாலி குடியுரிமைப் பத்திரம் அல்ல.

பொன்னுருக்கு அன்று நீ முன்னறையில் பட்டு வேட்டியோடு இருந்தாய். நோர்பரியிலிருந்து வந்த நகைசெய்யும் பத்தர் தகரத் தட்டில் கரியைப் பரப்பி, காஸ் ஊதுகுழலைப் பற்றவைத்தார். புகை எச்சரிக்கை மணி அலறத் தொடங்கியது. உன் மாமா கதிரையில் ஏறித் துவாயை வீசினார். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் நான் வெற்றிலைத் தட்டத்தில் காசை வைத்து நீட்டினேன். பத்தர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணை, இதிலை குதிரை நிக்குது. ராணியைக் காணேல்லை."

"பழசு."

"எவ்வளவு பழசு? சுத்தத் தங்கமும் இல்லை, வெள்ளி கலந்திருக்கு. உங்களிட்டை வேறை பவுண் இருந்தால் அதைத் தாங்கோவன். இதை உருக்க எனக்கு மனம் ஏவுதில்லை."

"நேரம் போகுது. உருக்குங்கோ."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஊதினார். குதிரையின் கால்கள்தான் முதலில் போயின. குறைந்த தரத்தை ஈடுசெய்ய, பிறகு தன் கடையில் நல்ல தங்கம் சேர்த்துத் தாலி செய்து தந்தார். அன்று உருகி வந்த உருண்டையைத் தட்டத்தில் வைத்து வந்தவர்களுக்கெல்லாம் காட்டினோம். நீயும் தொட்டுக் கும்பிட்டாய். உனக்கு ஒன்றும் தெரியாது. இதை நான் திரும்பவும் எழுதுகிறேன், ஏனென்றால் உன்னிடம் யாராவது கேட்கலாம்: உனக்கு ஒன்றும் தெரியாது, மதுராவுக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. பழைய பவுண் என்றுதான் சொல்லியிருந்தேன்.

இரண்டு கிழமைக்கு முந்திய புதன்கிழமை, அதே வயலில், மேற்கு மூலையில், டெர்ரி இரண்டு காசுகள் எடுத்தான். அதே குதிரை. அதிகாரிகளை வாய் ஓயாமல் திட்டும் அந்த மனிதன், மண்ணைத் துடைக்குமுன் ஹெலனைத் தொலைபேசியில் அழைத்திருக்கிறான். வெள்ளிக்கிழமை நான் வழக்கம்போல் போனபோது கிரஹாமோடும் டெர்ரியோடும் ஹெலன் வயலில் நின்றார். முட்டுவரை சேறு, கையில் கோப்பு. ஒரே இடத்தில் ஒன்றாகப் புதைத்தவையாக இருக்க வேண்டும், உழவு இழுத்துச் சிதறியிருக்கும் என்று எங்களுக்கு விளக்கினார். ஒன்றாகக் கிடந்த இரண்டு பழைய பொற்காசுகள் என்றால் அது புதையல். புதையல் அரசுக்கு உரியது. கண்டவர் அறிந்த நாளிலிருந்து பதினான்கு நாளுக்குள், புதையலையும் விசாரிக்கும் மரண விசாரணை அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். நான் எடுத்ததும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்பதற்கு எனக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. தம்பி, என் நிலையை யோசித்துப் பார். கையில் இருந்தபோது அது புதையல் இல்லை. உருகிப் போய் ஒரு வருடம் ஆனபிறகு புதையலாகிவிட்டது.

ஹெலன் எங்கள் மூவரையும் பார்த்துச் சாதாரணமாகத்தான் கேட்டார்: "இந்த வயலில் இதற்கு முன் இப்படி ஏதாவது கிடைத்ததா?"

"இல்லை" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் அல்ல. கோப்போடு ஒருவர் எதிரே நின்று கேள்வி கேட்டால் என் வாய் என்னைக் கேட்காமலே மூடிக்கொள்ளும். அன்று மூடும்போது அந்தச் சொல்லும் வந்துவிட்டது. கிரஹாம் குனிந்து தன் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்தான். ஹெலன் கோப்பில் குறித்துக்கொண்டார். "அப்படியென்றால் இந்த மூலையை மட்டும் திறந்து பார்த்தால் போதும்" என்று டெர்ரியிடம் சொன்னார். என் காசு கிழக்கு வேலியோரம் கிடந்தது. இரண்டு இடத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் உழவு எந்தப் பக்கமாக இழுத்தது, மூலப் புதையல் எங்கே இருந்தது என்று தெரியும். என் ஒற்றைச் சொல்லால் அவர்கள் தவறான மூலையைத் தோண்டப்போகிறார்கள். தோண்டி, ஒன்றுமில்லை என்று எழுதி மூடிவிடுவார்கள். பொய்யான உறுதிப் பத்திரம் ஒன்று பதிவேட்டில் ஏறினால் அதன்மேல் எழுதப்படும் அத்தனை உறுதியும் பொய்யாகிவிடும் என்பதை நான் என் அலுவலகத்தில் சொல்லிக்கொண்டிருந்தவன்.

அவர் போனபிறகு கிரஹாம் கேட்டான்: "ஏன் அப்படிச் சொன்னாய்?" நான் டிடெக்டரைப் பைக்குள் வைத்தேன். "நீ சொன்னாய். நான் ஒன்றும் சொல்லவில்லை" என்றான். சொல்லாததும் ஒரு பதில் என்பது அவனுக்கும் தெரியும். நான் அவனையும் உள்ளே இழுத்துவிட்டேன்.

அன்றிலிருந்து நாட்களை எண்ணுகிறேன். அறிவித்தால் தாலி, அறிவிக்காவிட்டால் குற்றம். பத்தர் சேர்த்த தங்கமும் அந்தக் காசும் ஒன்றாய்க் கலந்துவிட்டன. அதில் எந்தக் குன்றிமணி மதுராவுடையது, எது அரசுடையது என்று எந்த நீதிமன்றமும் பிரித்துத் தர முடியாது. பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அதையும் யோசித்தேன். எனக்கும் பத்தருக்கும் கிரஹாமுக்கும் மட்டுமே தெரியும். அந்த யோசனையோடு நான்கு நாள் இருந்தேன். எந்த அறைக்குள் போனாலும் அதே சுவர். சோறு இறங்கவில்லை. அம்மா அதை வாயு என்று முடிவுசெய்து உள்ளிப் பூண்டுச் சாறு தந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மதுரா சாப்பிட வந்தாள். குனிந்து எனக்குக் கறி போடும்போது தாலிக்கொடி முன்னுக்கு விழுந்து என் கோப்பை விளிம்பில் பட்டது. நான் கையை இழுத்துக்கொண்டேன். "மாமா, ஒரு கிழமையா என்ரை கழுத்தைப் பார்க்கிறீங்கள், பிறகு சுவரைப் பார்க்கிறீங்கள். என்ன விஷயம்?" என்றாள். அம்மா குசினியில் இருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஹெலனிடம் சொல்லப்போவதைவிட அது கடினம் என்று தோன்றியது. அவள் கொடியைக் கையில் எடுத்து, தாலியைப் புதிதாகப் பார்ப்பவளைப்போல் பார்த்தாள்.

"சீரியஸா? இது ரெண்டாயிரம் வருஷமா?"

"அதுக்கும் கூட இருக்கலாம்."

"அதை நீங்கள் உருக்கிப்போட்டீங்கள்."

"ஓம்."

கோபப்பட்டாள் என்றே எழுத வேண்டும். பிறகு, நீ திரும்பி வருமுன் நானே உனக்குச் சொல்ல வேண்டும் என்றும், தான் உனக்கு மறைத்துக்கொண்டு இருக்க ஏலாது என்றும், பதினான்கு நாள் முடியுமுன் ஹெலனிடம் போக வேண்டும் என்றும் சொன்னாள். சட்ட ஆலோசனை அவ்வளவுதான். இதைவிடச் சரியாக நானும் சொல்லியிருக்க மாட்டேன்.

உனக்குப் பதினொரு வயதில் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் ஒரு நுணுக்குக்காட்டியை உடைத்துவிட்டு வந்து என்னிடம் அழுதாய். நான் அன்றே பள்ளிக்கு ஒரு கடிதம் தட்டச்சு செய்தேன். "எந்தப் பொறுப்பையும் ஏற்றுக்கொள்ளாமல்" என்று தொடங்கும் கடிதம். மறுநாள் அதை நீ பையிலிருந்து எடுக்கவே இல்லை. நேரே ஆசிரியையிடம் போய் "நான்தான் உடைச்சனான்" என்று சொல்லிவிட்டாய். அவர் என்னைக் கூப்பிட்டு உன்னைப் பாராட்டியபோது எனக்கு உன்மேல் கோபம் வந்தது. ஒப்புக்கொள்ளாதே என்று உனக்குக் கற்றுத்தந்தேன். நீ கற்றுக்கொள்ளவில்லை. அதற்கு நான் இதுவரை நன்றி சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். உனக்குப் பிள்ளை பிறந்தால், அது ஏதாவது உடைத்துக்கொண்டு வந்தால், முதலில் கடிதம் எழுத உட்காராதே. கோப்பு வைத்திருப்பவர் எல்லாரும் குரோய்டன் கட்டடத்தில் இருந்தவர் அல்லர் என்பதையும் அதற்குச் சொல்லு. நான் உனக்குச் சொல்லாமல் விட்டது அதுதான்.

திங்கட்கிழமை கிரஹாமுக்குத் தொலைபேசியில் சொன்னேன். ஒன்பதாவது பிரிவை மீறியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அதில் ஒன்பதாவது எது? நான் அதை வாசிக்கவே இல்லை" என்றான். கொஞ்சம் பொறுத்து, "கோதுமை விதைத்துவிட்டேன். வருகிறவர்களை ஓரத்தால் நடக்கச் சொல். அந்தம்மா என்னையும் கேட்டால் நானும் சொல்கிறேன்" என்றான். ஹெலனின் அலுவலகத்தில் நாளை, வியாழக்கிழமை, பதினொரு மணிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். காரணத்தைச் சொல்லவில்லை. படமும் குறிப்புப் புத்தகமும் கொண்டுபோகிறேன். மரண விசாரணை அதிகாரிக்கான கடிதம் தனியாக உறையில் இருக்கிறது.

இன்று அந்த உறையைப் பார்த்துத்தான் அம்மாவுக்கு விஷயம் தெரியவந்தது. "மரண விசாரணையோ? ஆர் செத்தது?" என்று நடுங்கிப்போனாள். இந்த நாட்டில் புதையலுக்கும் அவர்தான் பொறுப்பு என்று விளக்கினேன். விளக்கியிருக்கக்கூடாது. "தாலியைக் கழட்டித் தாவெண்டு கேப்பினம். பிள்ளை கடலுக்கை நிக்கிறான். அவனுக்கு ஒண்டு நடந்தால் உங்கடை சட்டம் வந்து நிக்குமோ? ஒரு வருசம் பேசாமல் இருந்தனீங்கள், இன்னும் இருந்தால் என்ன?" வந்திருந்த மதுராதான் பதில் சொன்னாள்: "மாமி, நான் கழட்டேல்லை. நாளைக்கு மாமாவோடை நானும் போறன். பார்க்கிறவை என்ரை கழுத்திலை வைச்சே பார்க்கட்டும். கேட்டால், அதுக்குப் பிறகு நானும் இவரும் இருந்து கதைப்பம்." அம்மா எழுந்து மேல்மாடிக்குப் போய்விட்டாள்.

நீ செய்ய வேண்டியது இதுதான். உன்னைக் கேட்டால் தெரிந்ததைச் சொல்லு, தெரியாததைத் தெரியாது என்று சொல்லு. எனக்காக ஒரு சொல்லைக்கூட வளைக்காதே. தாலியைப் பற்றி என்னிடம் ஆலோசனை கேட்காதே. இதில் எனக்குச் சொந்த நலன் இருக்கிறது. மதுராவும் நீயும் வேறொரு சட்டத்தரணியைப் பாருங்கள். அது திரும்பிப் போக வேண்டி வந்தால், நீ வேறொன்று கட்டுவாய். அதற்குரிய பொன்னை நான் தருவேன், பற்றுச்சீட்டோடு. என்மேல் உனக்கு வரும் கோபத்தை அம்மாவிடம் காட்டாதே. என்னிடமே காட்டு.

ஒரு முறைகேட்டையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நலன் உள்ளவரைச் சாட்சியாக வைக்கக்கூடாது என்று வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்குச் சொன்னவன், மதுராவைச் சாட்சிக் கையெழுத்துக் கேட்டேன். வேறு யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. சாட்சி கையெழுத்தைப் பார்த்தால் போதும், உள்ளே இருப்பதை வாசிக்கத் தேவையில்லை என்று சொல்லித் தாளைக் கையால் மறைத்தேன். அவள் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். என் கையைத் தூக்கி ஓரமாக வைத்தாள். "லேபல் வாசிக்காமல் நான் ஒருத்தருக்கும் குளிசை குடுக்கிறேல்லை, மாமா" என்றாள்.

இரண்டாவது சாட்சிக்கான இடத்தை வெறுமையாக விட்டு, தாளைச் சாப்பாட்டு மேசையில் வைத்திருக்கிறேன். மேலே அம்மா நடக்கும் சத்தம் கேட்கிறது.

இதில் எழுதியவை நான் அறிந்தவரை உண்மை.

கையெழுத்து: உன் அப்பா
மிச்சம், புதன்கிழமை, பதினான்கில் பன்னிரண்டாம் நாள்

சாட்சி 1: மதுரா. முழுவதும் இரண்டு தரம் வாசித்தேன்.

சாட்சி 2: தவமணி, தாய். இவர் கையெழுத்து வைச்சதைப் படியிலை நிண்டு பார்த்தனான். வாசிக்கேல்லை. நாளைக்கு நானும் வாறன்.